இருட்டு கேட்ட மாப்பிள்ளை

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. தங்கச்சி விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல பேத்தி ஜெனிபர் எழுதுகிறாள் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

இந்த வீட்டுக்கு எத்தனையோ மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பைக் கேட்டவர், மோதிரம் கேட்டவர், கறியில் எலும்பு ஜாஸ்தி என்று முகத்தைத் தூக்கிக்கொண்டவர்... இருட்டு கேட்ட மாப்பிள்ளையைப் போன மாதம்தான் பார்த்தேன்.

ஜெனிபரின் அக்கா அருள்மேரிக்கு இது தலை கிறிஸ்துமஸ். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அவள் அப்பா, என் மகன் சவரி, ஆட்டோவோடு போனான். மெட்ராஸிலிருந்து வந்த ஜெரால்டு மாப்பிள்ளை மூன்று பெரிய பெட்டிகளோடு இறங்கினார். எங்களுக்கெல்லாம் துணிமணி என்று நினைத்து மருமகள் பூரித்துப் போனாள். திறந்தால் டெலஸ்கோப்.

"ஓரியன்னு ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு பாட்டி. அதுல குதிரைத் தலை மாதிரி ஒரு கருப்பு மேகம். நெபுலான்னு சொல்வாங்க. அதைப் படம் எடுக்கப் போறேன்."

"நட்சத்திரத்தையா?"

"இல்ல பாட்டி. அது வெறும் தூசி. பின்னாடி இருக்கிற வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. அதான் கருப்பாத் தெரியுது."

வானத்தில் மின்னுகிறது ஆயிரம் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, குறுக்கே நிற்கிற தூசியைப் படம் பிடிக்க இத்தனை பெட்டி.

"மெட்ராஸ்ல வானமே தெரியாது. இங்க இருட்டு பிரமாதம் பாட்டி" என்று வேறு பாராட்டினார். கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் தெருவுக்கு விளக்குப் போடச் சொல்லி நாங்கள் அலைந்த அலைச்சல் அவருக்கு எங்கே தெரியும்?

"அவ்ளோ இருட்டு வேணும்னா மலை மேல ஏறிப் போங்களேன் மாப்ள" என்றேன்.

"அங்க கரண்ட் கிடைக்காதே."

இருட்டும் வேண்டும், கரண்டும் வேண்டும். படித்தவர்கள் கேட்டால் எல்லாம் நியாயம்தான் போலிருக்கிறது.

அதோடு விட்டாரா? இரண்டாம் நாள் சாயந்தரம், மாடியில் நாங்கள் கட்டியிருந்த ஸ்டாரை அணைக்கச் சொன்னார். மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கிய சீரியல் லைட், வாசல் பல்பு, எல்லாவற்றையும்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் கிறிஸ்தவர் வீடு ஒவ்வொன்றிலும் காகித ஸ்டார் தொங்கும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் கட்ட மாட்டார்கள். வீடு வீடாகக் கேரல் பாட்டுப் பாட வருகிறவர்களும் அந்த வீட்டுப் பக்கம் வரும்போது டிரம்மை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்து போவார்கள்.

அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்குக் கேரல். கூடவே வருகிற கோயில் உபதேசியார், புதுப் பெண் மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஜெபம் செய்வார். அதைக் கேட்கத்தான் நான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பேத்தி கல்யாணம் வரைக்கும் இருப்பேனோ, என்னவோ.

"ஸ்டாரை அணைக்காத" என்றேன் சவரியிடம்.

"மாப்ள கேக்கறாரும்மா. தல கிறிஸ்மஸ் அதுவுமா மூஞ்சி சுளிச்சார்னா இன்னா பண்றது? டிரம் சத்தம் கேட்டதும் சுவிட்சப் போட்டுக்கலாம்."

டிரம் சத்தத்துக்காக இருட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாடியில் மாப்பிள்ளை மட்டும் சந்தோஷமாக இருந்தார். தெருமுனையில் டிரம் கேட்டது. பக்கத்தில் வந்தது. இரண்டு வீட்டுக்கு முன்னால் நின்றுபோயிற்று.

"டீ குடிக்கிறாங்க போல" என்றான் சவரி.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. எங்கள் வீட்டைத் தாண்டி, அந்தப் பக்கம்.

அதற்குள் எதிர்வீட்டு பிலோமினா மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அத்த, என்ன வுட்டுட்டுப் பூட்டியே..."

கேரல்காரர்களுக்கு வைத்திருந்த டீ பாத்திரத்தோடு நான் எழுந்து நின்றேன். "யாருடி பூட்டது?"

அவள் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள். "ஸ்டார் எரியல. வூடே இருட்டா கீது. எல்லாரும் பேசாம ஒக்காந்துகினு கீறீங்க. வயசுல பெரியவ நீதான... நான் இன்னான்னு நினைக்கிறது?"

மாடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "யாரு டார்ச் அடிக்கிறது? ஒரு ஃப்ரேம் வேஸ்ட்."

என் சாவு இங்கே நடந்துகொண்டிருக்கிறது, அவருக்கு ஒரு ஃப்ரேம் வேஸ்ட்.

அதுவரை வாயே திறக்காத அருள்மேரி படியேறிப் போனாள். கீழே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி நேரம். இன்னிக்கு விட்டா அடுத்த அமாவாசைதான்."

"அந்தக் குதிர எத்தினி வருஷமா அங்க கீது?"

"லட்சக்கணக்குல."

"அப்ப அடுத்த அமாவாசைக்கும் அங்கதான் இருக்கும். எங்க ஆயாவ அப்பிடிச் சொல்ல முடியுமா?"

சுவிட்சைப் போட்டுவிட்டாள். ஸ்டார் எரிந்தது.

மாப்பிள்ளை டெலஸ்கோப்பை மூடினார். பிறகு இறங்கி வந்தார். செருப்பைக்கூடத் தேடாமல் தெருக்கோடி வரை நடந்துபோனார். ஒரு தெருவுக்கு இரண்டு தடவை வருகிற வழக்கம் இல்லை என்றாராம் உபதேசியார். "தப்பு என்னோடதுங்க. பாட்டி நல்லா இருக்காங்க, நீங்களே வந்து பாருங்க" என்று இவர் வழியை மறித்து நின்றாராம்.

வந்தார்கள். டிரம் எங்கள் வாசலிலேயே முழங்கியது. உபதேசியார் இரண்டு பேர் தலையிலும் கை வைத்துப் பேர் சொல்லி ஜெபித்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் மூடவில்லை, பார்க்கத்தானே காத்திருந்தேன்.

மறுநாள் அந்த அரைகுறைப் படத்தை லேப்டாப்பில் காட்டினார். அடிப்பிடித்த குண்டான் மாதிரி இருந்தது. குதிரையாம்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து ஸ்டாரை இறக்கியாயிற்று. அமாவாசைக்கு மாப்பிள்ளை பெட்டிகளோடு மறுபடி வந்திருக்கிறார். வாசல் பல்பை நானே அணைத்தேன். வந்த மாப்பிள்ளைக்கு அதுகூடச் செய்யாமல் இருக்க முடியுமா?

ஜெனிபர், எழுதிட்டியா? எங்க, படி கேப்போம். அவரத் திட்டுன எடத்த மட்டும் சத்தமாப் படி. மாடியிலதான் கீறாரு.