சின்னவள் போட்டுக் கொடுத்த ஷீட்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டியிருந்த துணி அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். கூடுதலாக ஒரு போர்வை வேண்டுமென்றால் தலைமை நர்ஸே அவளிடம் குழைந்துதான் பேச வேண்டும். வீட்டிலும் பெரிய மருமகள் என்று அவள் சொல்தான் எடுபட்டது, கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும் வரை.

வந்தவளுக்கு அதே ஆஸ்பத்திரியின் மாடி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "சின்னவ விரலைப் பாரேன், படபடன்னு என்னமா ஓடுது" என்பாள். பெரியவளின் விரலும்தான் ஓடியது, வெங்காயத்தின் மேல். அதை யார் பார்த்தார்கள்?

இந்த லட்சணத்தில் ஒருநாள் மேற்பார்வையாளர் துணி அறைக்கே ஒரு கம்ப்யூட்டரை இறக்கிவிட்டார். "இனிமே விரிப்பு, உறை வரவு எல்லாம் இதுலதான். உங்க வீட்டுச் சின்னவங்களே ஷீட் போட்டுட்டாங்க, கத்துக் குடுக்கவும் வருவாங்க. வசதியாப் போச்சு, இல்ல?"

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மேல பாருங்கக்கா, ஏ, பி, சி. ஓரமா ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டும் எங்க சந்திக்குதோ அதுதான் அந்தக் கட்டத்தோட விலாசம். அடியில பாருங்க, ஒவ்வொரு வார்டுக்கும் தனி ஷீட்."

"இருக்கற ஷீட்டைத் துவைச்சு மடிக்கவே இங்க ஆளில்ல. இதுல இன்னும் ஷீட்டா?"

சின்னவள் சிரித்தாள். சிரித்தால் அழகாக இருந்தாள், அது வேறு.

"போதும்மா, புரிஞ்சிடுச்சு. நீ மாடிக்குப் போ" என்றாள் பெரியவள். ஒரு மண்ணும் புரியவில்லை.

தனியாக உட்கார்ந்து மவுஸை நகர்த்தினாள். கட்டத்தின் மேல் வெள்ளையாய்க் கூட்டல் குறி. கட்டத்தின் வலது கீழ் மூலைக்குப் போனால் அதுவே கறுத்து இளைத்தது. மேலே ஏ, பி எழுத்துகளுக்கு நடுவிலிருந்த கோட்டுக்குப் போனதும் இரண்டு பக்கமும் அம்பு முளைத்தது. என்னவோ ஏதோவென்று இடப்பக்கமாக இழுத்தாள். தேதிகளெல்லாம் மறைந்து, கட்டத்துக்குக் கட்டம் முள்வேலி அடித்த மாதிரி குறிகள் வந்து நின்றன.

முதலில் பகீரென்றது. அடுத்த நொடி, சொன்னால் வெட்கக்கேடு, குதூகலமாக இருந்தது. நேரே மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். "சின்னவ குடுத்த ஷீட்டை வந்து பாருங்க சார். ஒரு தேதி தெரியல. தெரியாதவங்க கையில அரைகுறையாக் குடுத்தா நாங்க என்ன பண்றது?"

சின்னவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரையைப் பார்த்தாள். பெரியவளையும் ஒரு பார்வை பார்த்தாள். "நான்தான் சார், அகலத்தைக் கம்மியா விட்டுட்டேன்" என்று அதே கோட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். தேதிகள் வரிசையாக வந்துவிட்டன. "உள்ள எதுவும் அழியலக்கா. இடம் பத்தலன்னா இப்படித்தான் காட்டும்."

"பாத்துச் செய்யக்கூடாதாம்மா" என்று அவர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். ஏச்சு விழுந்தது சின்னவளுக்கு. ஆனால் பெரியவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. வேலையிலும் கெட்டிக்காரி, பெருந்தன்மையும் அவளுக்கேவா? மிச்சம் மீதி ஏதாவது விட்டுவைக்க மாட்டாளா?

இனி இவளிடம் கேட்பதில்லை என்ற வீம்பிலேயே பெரியவள் கற்றாள். சாப்பாட்டு நேரத்தில் மேலேயிருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எழுத்து தடித்தது, கட்டம் மஞ்சளானது, ஒரு வார்டின் கணக்கே காணாமல் போனது. பின்னோக்கி வளைந்த அம்பு ஒன்று எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியது. கட்டின புருஷனைக்கூட அவள் அவ்வளவு நம்பியதில்லை. கறுத்த கூட்டல் குறியைப் பிடித்துக் கீழே இழுத்தபோது தேதிகள் தாமாகவே பிறந்து ஓடின. தனியாக இருந்தும் சிரித்துவிட்டாள். உடனே மனசு சுருங்கியது. இந்தச் சுகத்தையெல்லாம் சின்னவள் இத்தனை வருஷமாகத் தனியாக அனுபவித்திருக்கிறாளே.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டாள். கீழே போகப் போகத் தலைப்பு வரிசை மேலே ஓடி மறைந்தது. போர்வைக் கணக்கைத் தலையணை உறையில் ஏற்றிவிட்டு, பிள்ளைகள் வார்டு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சின்னவளிடம் எங்கேயோ பார்த்தபடி கேட்டாள். "அந்தத் தலைப்பை ஓடாம நிறுத்த முடியுமா?"

"முடியும்க்கா. வியூவுக்குப் போனா ஃப்ரீஸ்னு இருக்கும். அதுல மேல் வரிசையைத் தேர்ந்தெடுத்தா அசையாது."

பெரியவள் நகரவில்லை. "அன்னிக்கு ஏன் பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?"

சின்னவள் குழாயை மூடினாள். "நீங்களும் அத்தையும் காலையில கத்திச் சண்டை போடறீங்க. மத்தியானம் ஒரே தட்டுல கடலை உரிக்கிறீங்க. என்கிட்ட இந்த வீட்டுல யாரும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. விருந்தாளி மாதிரியே வெச்சிருக்கீங்க. பாத்தா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்க்கா. அன்னிக்குத்தான் முதல்முறையா நீங்க என்கிட்ட வம்புக்கு வந்தீங்க. அதைக் கெடுத்துக்க மனசில்ல."

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்பது பெரியவளுக்குப் புதுச் செய்தி. பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உள்ளே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, குளியலறையில் கிடந்த ஈரத்துண்டுக்காகச் சின்னவளை அவள் ஒரு பிடி பிடித்தாள். சின்னவளும் விடவில்லை, சரிக்குச் சரி பேசினாள். மாமியார் பதறிப்போய் எழுந்து வந்தாள். அதற்குள் இருவரும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.