1.3 எஞ்சினும் 1.6 எழுத்தும்: மைசூரிலிருந்து மார்டள்ளி வரை

மைசூரிலிருந்து மார்டள்ளிக்குக் காரில் செல்லும் வழியை எழுதுமாறு வாசகர்கள் இருவர் கேட்டிருந்தனர். அவர்களில் ஒருவர், சிறிய எஞ்சின் வண்டி அந்தப் பாதைக்குப் போதுமா என்றும் கேட்டிருந்தார். போதும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பாதியை மறைத்தவனாவேன். எனவே 1998 மார்ச் மாதத்தில், ஒரு சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிய பயணத்தை எழுதுகிறேன். "திரும்பிய" என்பதும் முழுக்கச் சரியான சொல் அல்ல. நாங்கள் திரும்பினோம், கார் திரும்பவில்லை.

முதலில் காரைப் பற்றி. அதன் பெயர் இங்கே தேவையில்லை. தாழ்ந்த முகப்பு, டிக்கியின் மேல் சிறிய இறக்கை, பந்தயக் கார்போல இருக்கைகள். இதே உடலில் இரண்டு எஞ்சின்கள் விற்றார்கள்: 1.6 லிட்டர், 1.3 லிட்டர். நான் ஒரு நிறுவனத்தில் சட்ட அதிகாரி. விலையையும் காப்பீட்டையும் பெட்ரோல் செலவையும் பார்த்து 1.3 வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் 1299 சி.சி. மைசூரில் நாங்கள் இருந்த அக்ரஹாரத்துத் தெருக்களில் மூன்றாவது கியரைத் தாண்டும் வாய்ப்பே இல்லாததால் அதில் எனக்குக் குறையேதும் இல்லை. சாமுண்டி மலை ஏறும்போது மட்டும் ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் போவேன். அணைத்தால் ஏறும், போட்டால் திணறும். அந்த வண்டியோடு வாழ்வதற்கு இந்த ஒரு பழக்கம் போதுமானதாக இருந்தது.

வாங்கிய ஏழாம் மாதம், நிறுத்தியிருந்த வண்டியின் பின்புறத்தில் ஒரு டெம்போ இடித்தது. டிக்கி மூடி நசுங்கிவிட்டது. டிங்கரிங் செய்யும் நாகராஜு, விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து அதே வெள்ளை நிறத்தில் ஒரு மூடியைக் கொண்டுவந்து மாட்டினார். அது 1.6 காரின் மூடி. வலப்பக்க ஓரத்தில் 1.6 என்ற வெள்ளி எழுத்து ஒட்டியிருந்தது.

"இந்த எழுத்தெ கித்து ஹாக்கலாமா சார், பிச்சுரலாமா? எடுத்தா பெயிண்ட்ல மார்க் தெரியும்" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

பெயிண்டில் தழும்பு தெரியும் என்பதுதான் காரணம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மறு வாரம் எதிர்வீட்டு ரங்கநாதன் ஸ்கூட்டரை நிறுத்தி, "ஒன் பாயிண்ட் சிக்ஸா சார்? பறக்கும் அல்லவா?" என்று கேட்டபோது, "எங்கே சார், இந்த ரோட்டில் என்னத்தைப் பறப்பது" என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன். பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடியாகாது என்று ஒப்பந்தச் சட்டத்தில் படித்தவன் நான். 1.6 என்று யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை, எஞ்சின் கணக்கெல்லாம் கேட்காத மனைவியிடம்கூட.

இனிப் பயணம். என் மனைவி மல்லிகாவின் ஊர் மார்டள்ளி. அவளுடைய தம்பி சேகருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தனியார் பஸ்ஸில் ஆறு வருடம் ஓட்டியவர்; ஒரு கீறல்கூட இல்லாத ஓட்டுநர் என்று கொள்ளேகாலம் பஸ் நிலையத்தில் பெயர். அரசு பஸ் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மைசூரில் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. நிரந்தர வேலை, அது கிடைத்தால்தான் பெண் தருவோம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவரையும் மாமியாரையும் அழைத்துவரவே சென்றோம்.

சனிக்கிழமை காலை 6.10-க்குப் புறப்பட்டோம். தி. நரசீபுரம் 7.00 மணி. கொள்ளேகாலம் 7.55, வீட்டிலிருந்து 63 கிலோமீட்டர். பஸ் நிலையத்தின் எதிரே இட்லி, வடை, காபி, இருவருக்கும் சேர்த்து 26 ரூபாய். ஹனூர் வரை 24 கிலோமீட்டர், சாலை சுமார். அதற்குமேல் இருபுறமும் வெயிலில் காய்ந்த குன்றுகள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் காட்டிலிருந்த கடத்தல்காரர்களுக்குப் பயந்து அந்தப் பக்கம் பொழுது சாய்ந்தபின் யாரும் வண்டி எடுப்பதில்லை. திரும்பும்போது நான்கு மணிக்குள் ஹனூரைத் தாண்டிவிடுமாறு காவலர் சொன்னார். கௌதள்ளியிலிருந்து மார்டள்ளி வரை குண்டும் குழியும். பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் துண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மொத்தம் 119 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்.

சேகர் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைச் சுற்றிவந்து, டிக்கியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க மச்சான், ஒன்னு புள்ளி ஆறா? சொல்லவே இல்லீங்களே. நம்ம கொள்ளேகாலத்து மில் முதலாளிகிட்ட இதே வண்டிதானுங்க. நாலு மாசம் அவருக்கு ஓட்டினேன். மூணாவதுல போட்டு ஒரு மிதி மிதிச்சா, முன்னால போற லாரி பின்னால போயிருமுங்க."

மல்லிகா சிரித்தாள். "உன் மச்சான் மூணாவதுல போட்டா அதுலயேதான்டா மைசூர் வரைக்கும் வருவாரு."

"அவரு ஓட்டுனா மாட்டு வண்டிக்காரனே ஹாரன் அடிப்பானே, அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வண்டி புதுசு, நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும். எதிர்த்தரப்புச் சாட்சி அப்படிப் பதில் சொல்லியிருந்தால் நானே ஆட்சேபித்திருப்பேன்.

ஞாயிறு பிற்பகல் 2.40-க்குத் திரும்பக் கிளம்பினோம். சாப்பாடு தாமதமாகிவிட்டது, நான்கு மணிக்குள் ஹனூரைத் தாண்ட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. டிக்கியில் ஒரு மூட்டை ராகியும் இருபது தேங்காயும். மல்லிகா, "அவனே ஓட்டட்டுங்க, நாளைக்குத் தேர்வு, கை பழகின மாதிரி இருக்கும்" என்றாள். சாவியைக் கொடுத்தேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். மனைவி, மாமியார் முன்னிலையில், முந்தைய நாள் சிரித்துவிட்டு இன்று எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். பின்னால் மாமியாரும் மல்லிகாவும், முன்னால் நான். வெயிலுக்காக ஏசி போட்டிருந்தது.

கௌதள்ளி வரை குழிகளில் முதல், இரண்டாம் கியர்தான். அதில் எந்த எஞ்சினும் ஒன்றுபோலத்தான். அதற்குப் பின் சாலை விரிந்தபோது, "கொஞ்சம் மந்தமா இருக்குதுங்களே மச்சான். ராகி மூட்டைங்களா?" என்றார் சேகர். "இருக்கலாம்" என்றேன்.

கௌதள்ளியைத் தாண்டி ஏழாவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட மேடு. முன்னால் கருங்கல் பாளம் ஏற்றிய லாரி நடைவேகத்தில் ஊர்ந்தது. நான்கைந்து நிமிடம் சேகர் பொறுமையாகப் பின்னாலேயே வந்தார். மேட்டின் உச்சிக்கு முன்பு பார்வைக்கு நேராக ஒரு நீளம் காலியாகக் கிடைத்தது. உச்சியில் ஒரு பஸ்ஸின் தலை தெரிந்தது. அவர் ஒருமுறை லாரியையும் ஒருமுறை பஸ்ஸையும் பார்த்தார். அவசரப்பட்டவரின் பார்வை அல்ல அது; அளந்தவரின் பார்வை. மூன்றாவதில் போட்டு மிதித்தார்.

வண்டி லாரியின் பாதி நீளம் வரை ஏறிற்று. அங்கேயே நின்றதுபோல உடன் ஓடிற்று. அப்போது என் கை தானாக நீண்டு ஏசி பொத்தானை அணைத்தது. வாய் திறக்கவில்லை. இதை எந்த வாக்குமூலத்திலும் நான் சொன்னதில்லை: அந்தக் கணத்தில் நான் எதை அறிந்திருந்தேன் என்பதற்கு என் கையே சாட்சி.

"சாமி, பஸ்ஸு" என்றார் மாமியார், உரக்கக்கூட அல்ல.

சேகர் பின்வாங்க வழியில்லை என்று கண்டு வலப்புறம் மண்ணில் இறக்கினார். பஸ் எங்களுக்கு இடப்பக்கமாகப் போயிற்று. கார் பள்ளத்தில் இறங்கிப் புளியமரத்தில் பக்கவாட்டில் மோதி நின்றது. வலப்புறப் பின்கதவு, மாமியார் இருந்த பக்கம், உள்ளே வந்துவிட்டது. மணி 3.40.

பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். சேகரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவர்கள். "ஏனோ சேகரா, கண்ணு காணல்வேனோ நினகெ, கண்ணு தெரியலயா? நீனா இப்படி?" என்றார். சேகர் தாயைத் தூக்கி அதே பஸ்ஸில் படுக்கவைத்தார்.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு வாழ்ந்த ஆறு வருடமும் வாக்கர் பிடித்தே நடந்தார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு சேகர் காவல் நிலையத்தில் இருந்தார். கவனக்குறைவாக ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு.

என்ன செய்வது என்று என்னைத்தான் கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு ஒரே வாய்தாவில் முடியும், எதிர்த்தால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஆலோசனை சொன்னேன். சட்டப்படி தவறான ஆலோசனை அல்ல. ஆனால் வழக்கு விசாரணைக்குப் போனால் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை உரக்கப் படிக்கப்படும். அதில் 1299 சி.சி. என்று இருந்தது. ஆலோசனையின் இந்த இரண்டாம் காரணத்தை நான் சொல்லவில்லை. அவர் ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி தேர்வுக்கு அழைப்பு வந்தபோது, முன்பு தண்டனை பெற்றதுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. "உண்மையை எழுதுங்கள்" என்று சொன்னவனும் நான்தான். வேலை கிடைக்கவில்லை. பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள்.

பழைய வேலைக்குத் திரும்பியிருக்கலாம், முதலாளி கூப்பிட்டார். சேகர் போகவில்லை. "என் கண்ணுக் கணக்கு தப்பிப்போச்சுங்க மச்சான். ஐம்பது உசுர வச்சுக்கிட்டு எப்படி ஓட்டறது" என்றார். மார்டள்ளியிலேயே மாவு மில் வைத்தார். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இப்போது இந்த வழியில் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். விடியற்காலையில் புறப்படுங்கள், கொள்ளேகாலத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஹனூருக்கு மேல் மேடுகள் நீளமானவை, செங்குத்தானவை அல்ல, அதனால்தான் ஏமாற்றும். சிறிய எஞ்சின் வண்டிக்கு இந்தப் பாதை முழுவதும் போதுமான இழுவை உண்டு, கல் லாரிக்குப் பின்னால் பொறுமையாக இருக்கும் வரை. பழைய வண்டி வாங்குபவர்கள் டிக்கியில் உள்ள எழுத்தை நம்ப வேண்டாம், ஆர்.சி.யைப் பாருங்கள். வண்டியை இன்னொருவரிடம் கொடுக்கும்போது, சாவியோடு அதன் பலவீனத்தையும் சொல்லிக் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கேட்டபின் சொல்லாமலிருப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கலாம், வேறெங்கும் இல்லை.

இதைப் பொதுவில் எழுதுமுன் சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும் என்பதால், போன மாதம் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, நான் வரமாட்டேன்" என்றாள். பஸ்ஸில் சென்றேன்.

மில்லில் கூட்டமில்லை. சேகர் ஒரு மூட்டையின் மேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னார். மூடி மாற்றியது, எழுத்து, ஏசி பொத்தான், ஆய்வாளரின் அறிக்கை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, அது ஒன்னு புள்ளி ஆறா இருந்திருந்தா தாண்டியிருக்குமுங்களா?"

"தாண்டியிருக்கும்."

"லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல நான் பாத்த தூரம் போதும்தானுங்களே?"

"போதும்."

"அப்ப என் கணக்கு சரிதானுங்களா, மச்சான்?"

"சரிதான்."

தலையை ஆட்டினார். வாசலில் ஒரு பெண் ராகிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். அவர் எழுந்து அதை வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு, மில்லைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் நான் எதைச் சொன்னாலும் கேட்காது.