ஊர்ப்பேரில் ஒரு போல்டர்

அருப்புக்கோட்டையில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடையில், மெமரி கார்டில் இருக்கும் படங்களைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதும் ஒரு வேலை. அதற்கென்று நானே ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருந்தேன். ஊர்ப்பேரை அடித்தால் போதும், என் கம்ப்யூட்டரில் அந்த ஊர் போல்டருக்குள் படங்களைச் சேர்த்துவிட்டுக் கார்டைத் துடைத்துவிடும். பாலவனத்தம், காரியாபட்டி என்று போல்டர்களை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். பெரிய மூளைக்காரன் என்று எனக்குள் மிதப்பு வேறு.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாய் வந்தார். மறுநாள் சவுதிக்குத் திரும்புகிறார்.

"தம்பி, மக பொறந்து நாப்பது நாளு. அம்புட்டுப் படமும் இதுலதான் கெடக்கு. அங்க போயி நெதம் பாத்துக்கிருவேன்."

அவர் ஊர்ப்பேரை அடித்து என்டரைத் தட்டினேன். அந்த ஊருக்குப் போல்டரே இல்லை. அதுவரை அங்கிருந்து யாரும் வந்ததில்லை. போல்டர் இல்லாததால் புரோகிராம் அந்தப் பேரிலேயே ஒரு பைலை உண்டாக்கி, ஒவ்வொரு படத்தையும் முந்தையதன் மேலேயே எழுதியிருக்கிறது. கடைசிப் படம் ஒன்றுதான் மிச்சம். கார்டும் காலி.

'கார்டு கோளாறு' என்று சொல்லித் தப்பிப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். எதிரே அவர் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"என் தப்புதான் பாய்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாயங்காலம் வரை போராடிப் பெரும்பாலான படங்களை மீட்டேன். குழந்தை பிறந்த அன்று எடுத்த படம் மட்டும் வரவில்லை.

"அதுல என் வெரலப் புடிச்சிருப்பா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் போனதும், போல்டர் இல்லையென்றால் தானே போட்டுக்கொள்ளும்படி புரோகிராமைத் திருத்தினேன். ஒரே ஒரு வரி. அது முதலில் போட்டது அவருடைய ஊர்ப் போல்டர்.

மறுநாள் காலை ஏர்போர்ட் போகிற வழியில் கடை முன் கார் நின்றது. பாய் தன் மனைவி, குழந்தையோடு இறங்கினார்.

"அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி."

"அத்தா வெரலப் புடிம்மா" என்று அந்த அம்மா குழந்தையின் கையை நீட்டினார். படம் எடுத்தேன். பென்டிரைவில் ஏற்றி, மூன்று தடவை திறந்து பார்த்துக் கொடுத்தேன்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். குழந்தை விரலை விடவில்லை. அவரும் இழுக்கவில்லை.