டாக்டர் வீட்டு கேட்டில் நோரா

சாந்தோமில் ஒரு பள்ளியில் தையல் டீச்சராக இருந்த நோராவுக்கு ஒரே மகன், ராஜநாயகம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். எழுபத்தாறில் ஊரெங்கும் மலேரியா. அவனையும் குளிர்க்காய்ச்சல் பிடித்தது. அபிராமபுரத்து டாக்டர் கணேசமூர்த்தியின் மருந்தில் காய்ச்சல் விட்டது. அது திரும்ப வராமலிருக்க அவர் வேறொரு மாத்திரை கொடுத்தார். அதைத் தின்னத் தொடங்கிய சில நாளில் பையனுடைய சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளித்தது.

நோரா டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், ஒண்ணுக்கு கறுப்பா போறான். மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

அவர் தலை நிமிரவில்லை. "ஊருக்கே இதைத்தான் குடுக்கிறேன். உன் பிள்ளை மட்டும் தனிப்பிறவியா? பாதியில நிறுத்தினா நான் பொறுப்பில்லை."

மிச்ச மாத்திரைகளைத் தன் கையாலேயே கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் ரத்தம் முக்கால்வாசி கரைந்திருந்தது. பையன் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரமே, டாக்டர் வீட்டு கேட்டருகில் போய் நின்றாள். உள்ளே போகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ள இங்கதாங்க மாத்திரை வாங்கினான். செத்துட்டான்" என்றாள். போலீஸ் விரட்டினால் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். கூட்டம் குறையக் குறைய அவள் நெஞ்சு குளிர்ந்தது.

பையன் செத்த காரணம் அறிய ஆஸ்பத்திரியில் நோராவின் ரத்தத்தையும் அவள் தம்பி பவுல்சாமியின் ரத்தத்தையும் சோதித்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு சத்து குறைவு, அந்த மாத்திரை பட்டால் ரத்தம் உடையும், மகனுக்கு அது தாய்வழியாக வந்தது என்றார்கள்.

சேதி கணேசமூர்த்தி காதுக்கும் எட்டியது. அவரே கேட்டுக்கு வந்தார். "கேட்டியா? குறை உன் ரத்தத்துல. இனிமே இங்க நிக்காதே."

நோரா வீட்டுக்குப் போய்ப் படுத்தவள்தான், பல நாள் எழவேயில்லை. மகனைக் கொன்றது தானேதானா என்று சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஒரு விடிகாலை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ரத்தம் என்னுதுதான். அது எனக்குத் தெரியாது, அந்தாளுக்கும் தெரியாது. ஆனா கறுத்துப்போச்சுன்னு போய்ச் சொன்னேனே, பவுலு! சொன்னேனே!"

அன்று மாலை மறுபடி கேட்டில் நின்றாள். "எல்லா உடம்பும் ஒண்ணில்ல. மாத்திரை தின்னு ஒண்ணுக்கு கறுத்தா உடனே நிறுத்துங்க. இந்த டாக்டர் நிறுத்தச் சொல்ல மாட்டாரு."

 ஆறு மாதத்தில் டாக்டர் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு திருவான்மியூருக்குப் போய்விட்டார்.

"போதும்க்கா, விட்டுடு" என்றான் பவுல்சாமி.

நோரா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, திருவான்மியூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.