ஈரச் சுவருக்கு ஒரு செங்கல் சட்டை

ஓசூரில் காலையில் கண் விழித்ததும் நான் செய்யும் முதல் வேலை தலையணையைத் தட்டுவது. இரவெல்லாம் சுவர் அதன்மேல் வெள்ளைத் தூளை உதிர்த்து வைத்திருக்கும். கொஞ்சம் என் தலையிலும் நெற்றியிலும். அவசரமாக ஷிஃப்டுக்கு ஓடிய ஒருநாள், "கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று கேன்டீனில் ஒருவர் பக்தியோடு கேட்டார். ஆமாம் என்றேன். சுவரைப் பற்றி விளக்குவதைவிட அது சுருக்கமாக இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது. நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சுவர் தாகத்தால் வெடிக்கும். இங்கே குடித்துக் குடித்தே கெடுகிறது. மாடிவீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே என் படுக்கை. நம் வீட்டில் சித்திரைதோறும் விரிசல் விழும்போது, அப்பா அதன்மேல் ஜவுளிக்கடைக் காலண்டரை மாட்டுவார். விரிசல் காலண்டரைத் தாண்டினால் பக்கத்தில் இன்னொன்று. ஒருகட்டத்தில் வீட்டில் ஏழு காலண்டர்கள் தொங்கின. ஆனாலும் இன்று என்ன தேதி என்று பக்கத்து வீட்டில்தான் கேட்போம்.

ஊரிலேயே இருந்த என் மனைவி செல்வியிடம் இந்த வீட்டை அரண்மனை என்று சொல்லியிருந்தேன். ஆறு வருடமாக யாரும் சரிபார்க்கவில்லை. போன கோடை விடுமுறையில் ஃபோன் செய்தாள். "நானும் பிள்ளையும் ஞாயித்துக்கிழமை வாரோம். வீடு பிடிச்சா டி.சி. வாங்கி இவள அங்கயே சேத்துருவோம். பிடிக்கலைன்னா நீங்க அங்க, நாங்க இங்க. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

அன்று வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையில் என் வேலை தரச் சோதனை. முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பு மையால் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் வியர்த்து விறுவிறுத்து பஜாருக்கு ஓடினேன். கடைக்கார பாய் வரிசையாக எடுத்துப் போட்டார்: பூப்போட்ட வால்பேப்பர், பிளாஸ்டிக் பலகை, பின்தாளை உரித்து ஒட்டுகிற ஃபோம் ஷீட்.

"பேச்சுலரா, ஃபேமிலியா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஃபேமிலி, பாய்."

"அப்ப ஃபோம்ல செங்கல் டிசைன் எடுத்துக்குங்க. சல்லிசு, பாக்க பங்களா மாதிரி இருக்கும். செவுத்துல ஈரம் இல்லியே? ஈரத்துல நிக்காது."

டாக்டர் பீடி குடிப்பீர்களா என்று கேட்டால் எப்படிச் சொல்வோமோ, அப்படி "சேச்சே" என்றேன்.

மறுநாள் பாதிச் சுவர் செங்கலாகியிருந்தபோது வீட்டுக்காரர் ரத்னம்மா எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் தெலுங்கு, காய்கறி வண்டியிடம் கன்னடம், வாடகைக்காரர்களிடம் தமிழ்.

"என்னா சார், செவுத்துக்குச் சொக்கா போடறியா? உள்ள ஈரம் இருக்குது. உடு. ரெண்டு வாரம் காயட்டும், நானே பூசித் தரேன்."

வீட்டைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்து, "உங்க பெயிண்ட் கெடாதும்மா" என்றேன்.

"எந்தப் பெயிண்டு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே போனார்.

ஞாயிறு காலை. செல்வி வாசலில் நின்று அறையை அளந்தாள். "செங்கச் சுவரா! பரவாயில்லையே." ஆறு வருட மூச்சை வெளியே விட்டேன். அவள் பையிலிருந்து துண்டில் சுற்றிய முருகன் படத்தையும் ஓர் ஆணியையும் எடுத்தாள். எங்கள் வீட்டு வழக்கம் அது: சாமி சுவரேறிய பிறகுதான் அடுப்பில் பால் ஏறும்.

"ஆணி எதுக்கு? டேப் இருக்கே."

"சாமிய ஒட்டவா சொல்லுதீக?"

"ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா திட்டும்."

புதியவர்களைப் பார்க்க வந்து வாசலில் நின்ற ரத்னம்மா, "யாரு சொன்னா? நீ அடி சார்" என்றார்.

அடித்தேன். முதல் அடியிலேயே ஆணி வாழைப்பழத்துக்குள் போவது போலப் போயிற்று. இரண்டாவது அடியில், செங்கலுக்குப் பின்னால் யாரோ மூட்டையிலிருந்து கம்பைக் கொட்டுவது போலச் சத்தம். ஷீட்டின் அடிவயிறு மெல்ல உப்பியது. பிறகு நாலு ஷீட் ஒன்றாகச் சேர்ந்து உரிந்து விழ, காரை முழுவதும் என் காலில். ரத்னம்மா நாகரிகம் தெரிந்தவர், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வி சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கை நனைந்திருந்தது.

"ஆறு வருசம் இதுலயா படுத்தீக?"

"தலைமாடு மட்டுந்தான்."

அவள் முருகன் படத்தைத் திரும்பவும் துண்டில் சுற்றினாள். ரிட்டர்ன் பஸ் எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. அப்போது ஊரிலிருந்து அவளுடைய அம்மா வீடியோ காலில் வந்தார். செல்வி சட்டென்று மகளையும் என்னையும் இழுத்து, விழாமல் மிச்சமிருந்த செங்கலை ஒட்டி நிறுத்தினாள்.

"வீடு நல்லாருக்கும்மா. பாரு, செங்கச் சுவரு. ஆமா... தம்பிய நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயி டி.சி.க்கு எழுதிக் குடுக்கச் சொல்லு."

மிச்சமிருந்த செங்கல் மூன்றடி அகலம்தான். மூன்று பேர் அதற்குள் அடங்கவில்லை. என் வலது பாதி மாமியாரின் ஃபோனில், கோவில்பட்டியில், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. படத்துக்கு வெளியே நின்ற இடது பாதி ஓசூர்ச் சுவரில் சாய்ந்து, தோள்பட்டை வரை நனைந்துகொண்டிருந்தது.