கிளெனிஸின் தேநீர்ச் சோதனை

ஸ்ட்ரான் துறைமுகத்தில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். வெயில் அடித்தால்தான் செய்தி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளை, நனைந்துவிட்டாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? எனக்கே கோபம் வந்தது.

கிளெனிஸ் டிரிஃபிட், சால்மன் மீன் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக என் பக்கத்து மேசையில் மீன் வெட்டுகிறாள். வயது ஐம்பத்து மூன்று. காட்டில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் மீட்புக் குழுவில் சேர்ந்தே தீருவது என்று நின்றாள். அதற்கு ஒரு தேர்வு உண்டு. கொட்டும் மழையில் நான்கு மணி நேரம் மலையேற வேண்டும். உச்சிக் குடிசையில் தலைவர் ராய்ஸ் மாடிகன் ஒவ்வொருவர் காலருக்குள்ளும் கைவிட்டு உள்சட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் என்றால் வீட்டுக்குப் போகலாம். குளிரில் விறைத்தவள் யாரைக் காப்பாற்றுவாள் என்பது அவர் கேள்வி. வாய்ப்பு இரண்டே முறை.

போன வருஷம் அவள் விலை உயர்ந்த கோட்டு வாங்கினாள். மழையை உள்ளே விடாது, வியர்வையின் ஆவியை வெளியே விடும் வகை. வாங்கிய அன்றே எங்கள் ஊர் வழக்கப்படி மெழுகை உருக்கி அதன்மேல் தேய்தேய் என்று தேய்த்தாள். படகுக்காரர்களின் எண்ணெய்த்துணிக் கோட்டுக்கு அதுதானே உயிர். தேர்வன்று உச்சியில் அவள் சட்டையைப் பிழிந்திருந்தால் வாளி நிறைந்திருக்கும்; முதல் வாய்ப்பு போனது.

"கோட்டு ஒழுகுது மெர்ல், ஏமாத்திட்டானுங்க" என்று மாதக்கணக்கில் புலம்பினாள்.

ஒருநாள் இருவரும் சிப்பிக்கறி அடைத்த பலகாரம் தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னிக்குச் சட்டையக் கழட்டறப்ப மூஞ்சில வழிஞ்சுச்சே, அந்தத் தண்ணி எப்படிடி இருந்துச்சு?"

"உப்பா இருந்துச்சு. ஏன்?"

"மழை என்னிக்குடி உப்பா பெஞ்சிருக்கு?"

கையிலிருந்த பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டாள். கோட்டு ஒழுகவில்லை. மெழுகு அதன் மூச்சை அடைத்துவிட்டது, உள்ளே அவள் வியர்வையில் வெந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு பர்னி நகரத்துக்குப் போனாள். கோட்டுக் கடையில் ஃபிளாஸ்க்கைத் திறந்து கொதிக்கும் தேநீரைக் கோப்பையில் ஊற்றினாள். ஒரு கோட்டின் கைத்துணியைக் கோப்பையின் வாய்மேல் இழுத்துக் கட்டி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தாள். கடைக்காரப் பெண் வாயைப் பிளந்தாள்.

"இங்க டீ குடிக்கக் கூடாதும்மா."

"குடிக்கறது நான் இல்ல, உங்க கோட்டு."

முதல் இரண்டு கோட்டிலும் தம்ளர் தெளிவாகவே இருந்தது. மூன்றாவதில் ஆவி துணியைத் தாண்டி மெல்ல மெல்ல வெள்ளையாகப் பூத்தது. அதே துணிமேல் தண்ணீரைக் கொட்டினாள், ஒரு சொட்டும் இறங்கவில்லை. தையலுக்கெல்லாம் உள்ளே பட்டை ஒட்டியிருக்கிறதா, அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டச் சொன்னாள். ஊருக்கு வந்ததும் வீட்டிலிருந்த மெழுகு டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டாள், கை சும்மா இருக்காது என்று பயந்து.

தேர்வு நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடிசையில் சூப் வைப்பது என் வேலை. ராய்ஸ் முன்னால் வர, ஐந்து பேர் பின்னால் ஏறி வந்தார்கள். கிளெனிஸ் நான்காவது. ஏற்றத்தில் அக்குள் ஜிப்பைத் திறந்தே வைத்திருந்தாள்.

ராய்ஸ் அவள் காலருக்குள் கைவிட்டார். எடுக்கவில்லை. இன்னும் கீழே துழாவினார்.

"காஞ்சு கெடக்கு" என்றார், நம்பாமல்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கிளெனிஸ் கத்தவில்லை. அவர் பல் கிட்டித்து நடுங்குவதைப் பார்த்தாள். சட்டென்று அவர் காலருக்குள் தன் கையை விட்டாள். வெளியே எடுத்து நனைந்த விரலை மோந்தாள்.

"ராய்ஸ், புதுக் கோட்டா?"

"ஆமா."

"மெழுகு தேச்சீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "நேத்துதான். ரெண்டு தடவ."

"அப்ப நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றாள் கிளெனிஸ்.

ராய்ஸ் குறிப்பேட்டில் அவள் பெயரை எழுதிவிட்டு, அடுப்போரம் வந்து என்னிடம் சூப் கேட்டார்.