முக்கோணத்தில் என் பங்கு

அப்பா போன பிறகு, தலைச்சோலையில் இருந்த காப்பித் தோட்டத்தை அண்ணனும் நானும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென்று பேச்சு. அண்ணனுக்கு ரோட்டோரத்துச் சதுரம், முப்பத்திரண்டு சென்ட். எனக்கு அதை ஒட்டிய முக்கோணம். அளந்து சொன்னவர் பெரியப்பா. எங்கள் சொந்தத்தில் யார் நிலம் பிரித்தாலும் டேப் பிடிப்பது அவர்தான்.

"உன்றதுல அரை சென்ட் கூடத்தான் கண்ணு இருக்குது" என்றார்.

என் கண்ணுக்கு அது சதுரத்தில் பாதிதான் தேறும் போலிருந்தது. நடுவே டேப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. பாறையும் காப்பிச் செடியும் அடைத்துக்கொண்டிருந்தன. ஓரங்களை மட்டும்தான் அளக்க முடிந்தது. நூறு அடி, நூற்றெழுபது அடி, இருநூற்றுப் பத்து அடி. சின்ன ஓரங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, நீள ஓரத்தின் பாதியால் பெருக்குவது பெரியப்பாவின் வழக்கம். யாரும் அவரை ஏன் என்று கேட்டதில்லை.

நான் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. மகளின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று ஓரத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு ஓரத்தையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். பாதியையும் மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு. போனில் போட்டேன். எட்டாயிரத்து நானூறு சதுர அடி, அதாவது பத்தொன்பது சென்ட் சொச்சம். பெரியப்பாவிடமும் அண்ணனிடமும் கணக்கைக் காட்டினேன்.

"பொஸ்தகக் கணக்கெல்லாம் மலைக்கு ஆவாது சாமி" என்றார் பெரியப்பா. அண்ணன் என் முகத்தையே பார்க்கவில்லை.

"அப்ப உங்க கணக்குலயே பாக்கலாமுங்க" என்று காப்பி காயவைக்கும் களத்துக்கு அவர்களை இழுத்துப் போனேன். இருபதடிக் கயிறு ஒன்றை நீட்டிப் போட்டேன். பத்தடிக் கயிறுகள் இரண்டை அதன் இரு முனையிலும் கட்டி, மறுமுனைகளைச் சேர்க்கச் சொல்லி, அங்கே காப்பி கிளறிக்கொண்டிருந்த அண்ணியிடம் கொடுத்தேன். அவை நடுவில் வந்துதான் தொட்டன. மூன்று கயிறும் ஒரே கோடாகப் படுத்துக்கொண்டன.

"இதுக்கு எத்தனைங்க பெரியப்பா?"

அவர் விரல் விட்டுப் பார்த்தார். "சின்னது ரெண்டையும் கூட்டிப் பாதி, பத்து. பெருசுல பாதி, பத்து. நூறு சதுர அடி."

"நூறு அடி எங்கீங்க இருக்குது? ஒரு காலு வெக்க எடமில்லைங்களே!"

அவர் குனிந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு அண்ணன், "செரி, உடு. வேலிய என்ற பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம்" என்றான்.

அண்ணி மட்டும் கயிற்றை விடவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"மாமா, மாரமங்கலத்துல எங்கப்பன் எனக்குக் குடுத்ததும் மூணு மூல நெலந்தானுங்க. நீங்கதான அளந்தீங்க?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போலாம் கண்ணு. மிச்ச நெலம் எந்தம்பிகிட்டதான் இருக்குது, அவங்கிட்ட நானே பேசறேன். நீ அளந்து மட்டும் குடு."